நிலையத்துக் கேட்டில புதுப் பூட்டுப் போட்டவங்களுக்கு ஒரு திறந்த மடல்

எங்கட சனசமூக நிலையத் தலைவர் ஐயா, செயலாளர் அண்ணா, பொருளாளர் அக்கா, நிர்வாகத்தில இருக்கிற மற்ற எல்லாருக்கும்,

போன மாசம் ரெண்டாவது புதன்கிழமை காலமை எட்டரை மணிக்கு வீட்டில வச்சுப் படிப்பிக்கிற எங்கட 11 பிள்ளையளும் 5 அம்மாமாரும் ஒரு வாப்பாவும், ஒவ்வொரு புதனும் வாற மாதிரி, நிலையத்து வாசல்ல நிண்டம். கேட்டில புதுப் பூட்டு. பூட்டுக்கு மேல பிளாஸ்டிக் உறைக்குள்ள ஒரு நோட்டீஸ், "பாடசாலை நேரத்தில் பாடசாலை வயதுப் பிள்ளைகள் நிலைய வளவினுள் நிற்பது தடை. நிர்வாகம்." திகதி இல்ல, கையெழுத்தும் இல்ல. என்ட சின்னவன் இப்பதான் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகுறான், கடைப் பெயர்ப்பலகை, பஸ் போர்ட் ஒண்டையும் விடமாட்டான், அதையும் அவன்தான் சத்தமா வாசிச்சது, வாசிச்சு முடிச்சிட்டு "வளவினுள் எண்டா என்னம்மா" எண்டு கேட்டான். நாங்க நிண்ட இடத்தைக் காட்டி, இதுக்கு அங்கால எண்டு சொன்னன்.

அண்டைக்கே கோவத்தில எழுதியிருப்பன், எழுதேல்ல. தலைவர் ஐயாவுக்கு ரெண்டு தரம் கோல் எடுத்தன், "கூட்டத்தில எடுத்த முடிவு பிள்ள, நான் தனிய என்ன செய்யிறது" எண்டீங்க. எந்தக் கூட்டம் எண்டு செயலாளரைக் கேட்டா பாத்துச் சொல்லுறன் எண்டார், மூண்டு கிழமையா இன்னும் பாத்துக்கொண்டுதான் இருக்கிறார். நாங்களும் சந்தா கட்டுற அங்கத்தவங்கதான், அப்பிடி ஒரு கூட்டம் நடந்த தகவல் எங்க ஒருத்தருக்கும் வரேல்ல. சிரமதானம் எண்டா மட்டும் முதல் நாள் ராவே மெசேஜ் வந்திடும். அதால இதை ஊர் முழுக்க வாசிக்கிற மாதிரியே எழுதுறன்.

நாங்க திருகோணமலையில 6 குடும்பம், பிள்ளையளை வீட்டில வச்சுப் படிப்பிக்கிறம், ஹோம்ஸ்கூலிங் எண்டு சொல்லுறது. பெரிய கொள்கைக்காரர் எண்டு நினைச்சிடாதீங்க. என்ட வீட்டில இது தொடங்கினதே 2020 மார்ச்சில பள்ளிக்கூடங்களைப் பூட்டினதோடதான், அப்ப மூத்தவள் முதலாம் ஆண்டு, பிறகு திறந்து பிறகு பூட்டி, 2022இல பெற்றோலும் இல்லாமல் திருப்பிப் பூட்டி, இதுக்கிடையில அவள் வீட்டில இருந்து தானா வாசிச்சுத் தானா கேள்வி கேக்கத் தொடங்கிட்டாள், திருப்பி வகுப்பில கொண்டுபோய் இருத்தினதும் அந்தக் கேள்வி நிண்டுபோச்சு. ஒரு வருசம் பொறுத்துப் பாத்திட்டு நிப்பாட்டினம். மற்றக் குடும்பங்களுக்கு வேற வேற காரணம். ஒரு பொடியனுக்குக் கதைக்கேக்க திக்கும், வகுப்பில அவனைக் கேலி பண்ணிப் பண்ணி ஆள் வாயே திறக்காமல் போயிட்டான். ஒரு பிள்ளைக்கு இழுப்பு. ஒரு குடும்பம் கட்டாரில இருந்து வந்தது, பிள்ளைக்குத் தமிழ் வாசிக்கவே தெரியாது. கிண்ணியாவில இருந்து ஒரு முஸ்லிம் குடும்பம் பாலத்தால பஸ்ஸில வரும், அபயபுரப் பக்கம் இருந்து ஒரு சிங்களக் குடும்பமும் வரும். 2020 ஞாபகம் இருக்குத்தானே உங்களுக்கு, அப்ப இந்த ஊர்ல இருந்த எல்லாப் பிள்ளையும் ஹோம்ஸ்கூலிங்தான், ஒருத்தரும் நோட்டீஸ் ஒட்டேல்ல.

பள்ளிக்கூடத்தைக் குறை சொல்ல இதை எழுதேல்ல. 1945இல இருந்து இந்த நாட்டில இலவசக் கல்வி இருந்தபடியாத்தான் திருக்கடலூர்க் கடல்தொழிலாளிட மகள் நான் ஏஎல் வரைக்கும் படிச்சன், அதை மறக்கிற ஆள் நானில்ல.

நான் சொல்ல வந்தது அந்தப் புதன்கிழமையைப் பற்றி. கணக்கு, விஞ்ஞானம், வரலாறு எல்லாம் வீட்டில பாத்துக்கொள்ளலாம், கல்வி வெளியீட்டுத் திணைக்களத்துப் புத்தகம் எல்லாம் இணையத்தில பிடிஎஃப்ஆச் சும்மா கிடக்கு. வீட்டில செய்யவே ஏலாத ஒண்டு கிளித்தட்டு. ரெண்டு பிள்ளையை வச்சுக்கொண்டு கிளித்தட்டு விளையாடிப் பாருங்க. கோட்டில நிண்டு மறிக்க ஆள் வேணும், நடுக்கோட்டில ஓடக் கிளி வேணும், மறிக்கிற ஆக்கள்ட கையில படாமல் கோட்டைத் தாண்டி ஓட எதிர்ப்பக்கம் வேணும். நிலையத்துக்குப் பின்னால வேப்பமரத்தடியில பக்கத்துக்கு 5 பேர், 11ஆவது ஆள் நடுவர், அளந்து வச்ச மாதிரிக் காணும். சண்டை பிடிக்கிறது மூண்டு பாசையில. கிண்ணியாப் பிள்ளை ஒரு மாதிரித் தமிழ், எங்கட பிள்ளையள் ஒரு மாதிரித் தமிழ், அபயபுரத்துச் சின்னது சிங்களத்தில கத்தும், எல்லாருக்கும் பொதுவா விளங்கின ஒரே சொல்லு "அவுட்". இப்ப என்ட மூத்தவள் சிங்களத்தில நல்லா வாய் காட்டுறாள், அதை நான் ஒரு டியூசனுக்கும் காசு கட்டிப் பழக்கேல்ல.

விளையாட்டு மட்டும் எண்டு நினைக்க வேண்டாம். நிலையத்தில சேர்ந்துதான் ஒவ்வொரு பயணத்துக்கும் வெளிக்கிடுவம், வந்து நிலையத்து மேசையிலதான் எழுதுறது கீறுறது எல்லாம். கன்னியாவுக்குப் போய் அங்க உள்ள ஏழு வெந்நீர்க் கிணத்திலயும் வெப்பமானியை விட்டுப் பாத்ததுகள், ஏழும் ஒரே சூடில்ல எண்டதைத் தாங்களே கண்டுபிடிச்சு வரைபு கீறினதுகள், ராவணன் தாய்க்குக் கருமம் செய்யக் கிணறு உண்டாக்கினான் எண்ட கதையைத் தாத்தாமாரிட்டக் கேட்டு அதையும் பக்கத்தில எழுதினதுகள். கோட்டை வாசல்ல உள்ள கல்லில ரெட்டை மீன் இருக்கே, கோயிலுக்குப் போற வாற நாங்க எத்தனை பேர் நிண்டு பாத்திருக்கிறம்? பழைய கோணேசர் கோயிலை 1622இல போர்த்துக்கீசப் பறங்கி இடிச்சான் எண்டதையும் அந்தக் கல்லுகளைக் கோட்டை கட்ட எடுத்தான் எண்டதையும் புத்தகத்தில வாசிச்சா ஒரு வரி. அந்த மீனுக்கு முன்னால நிண்டு ஒரு பிள்ளை கொப்பியில கீறினா அது வேற.

கரைவலைக் கதையைச் சொல்லாமல் விட ஏலாது, ஏனெண்டா பூட்டுப் போட்ட அண்டைக்கு அதைத்தான் நிலையத்தில வைக்க இருந்தம். தென்மேற்கில இருந்து கச்சான் காத்து வீசுற காலத்தில எங்கட பக்கக் கடல் அமைதி, வலை இழுப்பு நடக்கும், வாடைக்காத்துக்குக் கொந்தளிப்பு. கச்சான் எண்டதும் கட்டார்ப் பிள்ளை வறுத்த கச்சானை, நிலக்கடலையை, நினைச்சு, காத்தில கச்சான் எப்பிடி வரும் எண்டு கேட்டு ஒரு நாள் முழுக்கச் சிரிப்பு. நாலு தரம் விடிய வெள்ளன உப்புவெளிக் கரைக்குப் போனம். தோணியில வலையை அரைவட்டமாப் போட்டுக்கொண்டு போறதையும் ரெண்டு கயித்தையும் கரையில ரெண்டு பக்கமா நிண்டு இழுக்கிறதையும் பாத்ததுகள், பிறகு தாங்களும் கயித்தில பிடிச்சதுகள். இழுத்ததுக்கு சாளை மீன் ஒரு பங்கு தந்தாங்க. வலைச் சொந்தக்காரச் சம்மாட்டிக்கு எவ்வளவு, இழுத்த ஆக்களுக்கு எவ்வளவு, 11 பிள்ளைக்கு வந்ததை எப்பிடிப் பிரிக்கிறது எண்டு மணல்ல குந்தியிருந்து கணக்குப் பாத்ததுகள், பின்னம் எண்டா என்ன எண்டது என்ட சின்னவனுக்கே அண்டைக்கு விளங்கிச்சு. பழைய நுளம்பு வலையை வெட்டி மடியெல்லாம் வச்சு நாலடி நீளத்துக்கு ஒரு கரைவலை செய்ததுகள். அந்த வலையைத்தான் ரெண்டு பிள்ளையள் கையில தூக்கிக்கொண்டு உங்கட கேட்டுக்கு வெளியில வெயிலுக்க நிண்டதுகள்.

எங்களுக்கு மட்டும் நட்டம் எண்டு நினைச்சீங்க எண்டா, வாசிகசாலையில காலமையில வந்து இருக்கிற தாத்தாவைக் கேளுங்க. பெயர் போடேல்ல, உங்களுக்குத் தெரியும். அவர்ட தகப்பன் வெள்ளைக்காரன் காலத்தில டொக்யார்டில வேலை செய்த ஆள், 1957இல வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தைக் கையளிச்சிட்டுப் போகேக்க தான் சின்னப் பொடியன் எண்டு சொல்லுவார். கண்ணில வெண்படலம், பேப்பர் தலைப்பு மட்டும்தான் தெரியும். திக்கிற பொடியன் எண்டு சொன்னனே, அவன் ஒரு புதன்கிழமை அவருக்குப் பக்கத்தில போய் இருந்தான். தாத்தா பேப்பரை அவன்ட பக்கம் தள்ளி "இதென்ன போட்டிருக்கு, வாசி பாப்பம்" எண்டார். அவன் ஒரு செய்தி வாசிக்கக் கால் மணித்தியாலம் எடுத்தான். அந்த மனுசன் ஒரு சொல்லை எடுத்துக் குடுக்கேல்ல, தலையைச் சரிச்சுக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார், அவருக்கு என்ன அவசரம். அடுத்த கிழமையும் அவனே போனான். பிறகு தாத்தா அவனுக்குக் கயித்து முடிச்சுப் பழக்கினார், தகப்பன்ட்டப் பழகினதாம், இப்ப எங்கட பொடியனுக்கு ஆறு ஏழு முடிச்சுக் கண்ணை மூடிக்கொண்டும் போடத் தெரியும், அந்தக் கரைவலையில உள்ள முடிச்செல்லாம் அவன் போட்டதுதான். மரண அறிவித்தல் பக்கத்தை மட்டும் தாத்தா ரெண்டு தரம் வாசிக்கச் சொல்லுவார், தெரிஞ்ச ஆக்கள் இருக்கும் எண்டு. உங்கட நோட்டீஸ் தாத்தாவை மறிக்கேல்ல, அவர் இப்பவும் வாறார். தலைப்பை மட்டும் பாத்திட்டுப் போறாராம்.

இனி சித்திரை விளையாட்டு விழாவுக்கு வாறன். சின்ன விசயம் எண்டு விட்டிருந்தனான், பூட்டைப் பாத்த பிறகுதான் ரெண்டும் ஒரே கை செய்த வேலை எண்டு விளங்குது. சாக்கோட்டத்துக்கும் 100 மீட்டருக்கும் மூத்தவள் பெயர் குடுக்கப் போனாள். படிவத்தில பெயர், வயது, பாடசாலை எண்டு மூண்டு கட்டம். மூண்டாவது கட்டத்தில அவள் "வீடு" எண்டு எழுதினாள், உண்மை அதுதானே. மேசையில இருந்தவர் அதை வாசிச்சுச் சிரிச்சுப்போட்டுப் பக்கத்தில இருந்தவருக்கும் காட்டினார். பிறகு "பாடசாலைக் கடிதம் இல்லாமல் பதிய ஏலாது தங்கச்சி" எண்டு கோடு கீறித் திருப்பிக் குடுத்தார். ஊர்ச் சாக்கோட்டத்துக்கு அதிபர்ட கடிதமா! தேங்காய் துருவுற போட்டிக்கு வந்த அம்மாமாரிட்ட ஆரும் கடிதம் கேட்டாங்களா? பிள்ளை ஒண்டும் சொல்லேல்ல, வீட்ட வந்து அந்தப் படிவத்தை நாலா மடிச்சுக் கொப்பிக்குள்ள வச்சிருக்கிறாள். இன்னும் இருக்கு.

எங்கட முகத்துக்கு நேரயும் நிலையத்து வாட்ஸ்அப் குரூப்பிலயும் திரும்பத் திரும்பச் சொல்லப்படுற கதை ஒண்டுதான்: "வீட்டுக்குள்ள வளர்ற பிள்ளையள் நாளைக்கு ஆக்களோட பழகத் தெரியாமல் நிக்குங்கள்." நல்லது, அந்தக் கவலை எனக்கும் இருக்கு, ராவில நித்திரை வராமல் யோசிச்சிருக்கிறன். அதுக்காகத்தானே கிழமைக்கு ஒரு நாள் மூண்டு இனத்துப் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு உங்கட வாசலுக்கு வந்தம். பழகத் தெரியாது எண்டு சொல்லுறதும் நீங்க, பழகுற இடத்தைப் பூட்டுறதும் நீங்க, பிறகு இந்தப் பிள்ளையள் எங்க போய்ப் பழகுறது? பள்ளிக்கூடப் பிள்ளையளை எடுத்தாலும் ஒண்டரைக்கு விட்டுச் சோறு தின்ன நேரமில்லாமல் டியூசனுக்கு ஓடி ஆறு மணிக்கு வீட்ட வருதுகள், போன வருசம் முழுக்க அந்த வாசிகசாலைக்குள்ள ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை இருந்து புத்தகம் வாசிச்சதை நான் காணேல்ல. அதுகளைக் குற்றம் சொல்லேல்ல. அதுகளுக்கு எங்க நேரம்.

அதே குரூப்பில ஒருத்தர் "படிப்பில்லாத கூட்டம் எங்கட பிள்ளையளையும் கெடுக்கும்" எண்டு போட்டிருந்தார். நிர்வாகத்தில இருக்கிற மூண்டு பேர் அதுக்குக் கைகூப்பிப் படம் போட்டிருந்தீங்க. ஸ்கிரீன்சொட் இருக்கு, இங்க போடேல்ல, போடவும் மாட்டன்.

சட்டத்தைப் பற்றியும் கதைப்பம், அதை விட்டிட்டு ஓடினன் எண்டு வர வேண்டாம். 5 வயதில இருந்து 16 வயது வரைக்கும் கட்டாயக் கல்வி, முன்னம் 14 ஆக இருந்ததை 2016இல 16 ஆக்கினது, தெரியும். ஏன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பேல்ல எண்டு கேக்கிற அதிகாரம் கல்வி அதிகாரிகளுக்கு இருக்கு, கேட்டா வீட்டுக்கு வரச்சொல்லிக் கொப்பியளைக் காட்டுவம், பிள்ளையளையே கேள்வி கேக்கச் சொல்லுவம், கிராம சேவகருக்கும் 6 குடும்பத்தையும் நல்லாத் தெரியும். 15 வயதில அடையாள அட்டைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளை எண்டா அதிபர் ஊடாக, இல்லாட்டி கிராம சேவகர் ஊடாக விண்ணப்பிக்கலாம், ஓஎல் சோதனைக்குத் தனியார் பரீட்சார்த்தியாத் தோற்றலாம், அந்த வழியெல்லாம் தேடிப் பாத்து வச்சிருக்கிறம். ஆனா கரம்போர்ட்டும் பேப்பரும் இருக்கிற ஒரு ஊர் நிலையம் பிள்ளையளைக் கேட்டுக்கு வெளியில நிப்பாட்டிச் சட்டத்தைக் காப்பாத்தப் போகுதெண்டா, அந்தப் பொறுப்பை உங்களுக்கு ஆர் தந்தது?

செயலாளர் அண்ணா போனில சொன்ன ஒரு கதையில நியாயம் இருக்கு, அதை மறைக்க மாட்டன். "பள்ளிக்கூட நேரத்தில பிள்ளையள் நிண்டு ஏதும் நடந்தா நாளைக்கு எங்களைத்தான் கேப்பாங்க" எண்டீங்க. சரி. அதுக்குப் பூட்டு எதுக்கு, எங்களைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தா 11 பிள்ளையின்ட பெயர், தாய் தகப்பன் போன் நம்பர், எங்கட பிள்ளையளுக்கு நாங்களே பொறுப்பு எண்ட கடிதம் எல்லாம் கையெழுத்து வச்சுத் தந்திருப்பம். பிள்ளையளைத் தனிய விட்டிட்டு நாங்க ஒரு நாளும் வெளியில போகேல்ல, அதை அந்தத் தாத்தாவே சொல்லுவார்.

எங்கட பிழையையும் சொல்லுறன். போன வருசம் ஒரு ஜன்னல் கண்ணாடி உடைஞ்சது, பந்து, எங்கட பிள்ளையள்தான், அடுத்த நாளே போட்டுத் தந்தம். ஒருக்கா மரண உதவிச் சங்கக் கூட்டம் இருந்தது தெரியாமல் பிள்ளையள் சத்தம் போட்டதுகள், அது எங்கட கவனக்குறைவு, தலைவர் ஐயாட்ட நேர வந்து மன்னிப்புக் கேட்டன். கரண்டுக்கு எண்டு ஒவ்வொரு புதனும் 500 ரூபா கட்டினம், துண்டெல்லாம் கையில இருக்கு. வாசிகசாலை அலுமாரியில பூச்சி அரிச்சுக் கிடந்த புத்தகங்களைப் பிள்ளையள்தான் வெயில்ல காயவச்சுத் தூசு தட்டி அகரவரிசையில அடுக்கினதுகள், மூண்டு புதன் போச்சு அதுக்கு. பொருளாளர் அக்கா அதைப் படம் எடுத்து ஆண்டறிக்கையிலயும் போட்டவா. "நிலையத்துச் சிறுவர்கள் வாசிகசாலையை ஒழுங்குபடுத்தும் காட்சி" எண்டு கீழ எழுதியும் இருக்கு. அப்ப நிலையத்துச் சிறுவர்.

காலமையில ஹோலை டியூசனுக்கு வாடகைக்குக் குடுக்கப்போறீங்க, அதுக்குத்தான் இந்தப் பூட்டு எண்டும் ஒரு கதை ஊருக்குள்ள அடிபடுது. பொய்யெண்டா பொய் எண்டு சொல்லுங்க. உண்மையெண்டா வாடகை எவ்வளவு எண்டு சொல்லுங்க, 6 குடும்பமும் சேர்ந்து கட்ட ஏலுமா எண்டு பாப்பம். பிள்ளையளைச் சாட்ட வேண்டாம்.

நாங்க கேக்கிறது இதுகள்தான். முதல்ல அந்த நோட்டீசைக் கழட்டுங்க, விதி ஏதும் வேணுமெண்டா "பெரியவங்க துணையில்லாமல் பிள்ளைகள் வரக்கூடாது" எண்டு எழுதி, திகதி போட்டு, ஆராவது கையெழுத்து வச்சு ஒட்டுங்க, அதை நாங்களும் மதிச்சு நடப்பம். அந்த முடிவு எடுத்த கூட்டத்தின்ட அறிக்கையை அங்கத்தவங்களுக்குக் காட்டுங்க, கூட்டமே நடக்கேல்ல எண்டா அதைச் சொல்லுறதும் ஒரு பதில்தான். புதன்கிழமை எட்டரையில இருந்து பதினொண்டரை வரைக்கும் பழைய மாதிரித் தாங்க, எழுத்தில ஒரு ஒப்பந்தம் போடுவம், 500 காணாட்டி கூட்டிக் கேளுங்க.

விளையாட்டு விழாப் படிவத்தில பாடசாலை எண்ட கட்டத்தை எடுத்திட்டு "முகவரி" எண்டு போடுங்க. இது எங்கட பிள்ளையளுக்கு மட்டும் கேக்கிறதில்ல, இடையில பள்ளிக்கூடம் விட்டிட்டுக் கடலுக்குப் போற பொடியள் எத்தனை பேர் அந்தக் கட்டத்தைப் பாத்திட்டுப் பேசாமல் திரும்பிப் போயிருப்பாங்கள் எண்டு யோசியுங்க. குரூப்பில வந்த அந்தக் கதைக்கு, போட்டவரை விடுங்க, நிர்வாகம் எண்ட முறையில நீங்க ஒரு வரி எழுதவேணும், "இந்தப் பிள்ளைகளும் எங்கட ஊர்ப் பிள்ளைகள்" எண்டு. அவ்வளவு காணும், மன்னிப்பு எல்லாம் வேண்டாம்.

உங்கள்ல ரெண்டு பேராவது ஒரு புதன்கிழமை வந்து எங்களோட இருந்து பாருங்க. பாத்திட்டும் இது சரிவராது எண்டு நினைச்சா அதைப் பிள்ளையளுக்கு முன்னால சொல்லுங்க, அதுகள் கேள்வி கேக்கும், பதிலோட வாங்க.

வாற புதன்கிழமை எட்டரைக்கு நாங்க வாசல்ல நிப்பம், கரைவலையும் கொண்டுவருவம். திறப்பு ஆரிட்ட இருக்கு எண்டதை மட்டும் செவ்வாய்க்கிழமை ராவைக்கு முதல் ஒரு மெசேஜ் போட்டுவிடுங்க.

இப்படிக்கு,
6 குடும்பங்கள் சார்பில ஒரு அம்மா,
திருகோணமலை